பழைய டயரின் கடைசிப் பயணத்துக்குக் கூலி கொடுப்பவர் யார்?

பத்திரிகைத் தொழிலில் முப்பது ஆண்டுகளைக் கடந்துவிட்ட ஒருவனுக்கு விருந்துகள் புதியவை அல்ல. சங்கங்களின் வருடாந்த இராப்போசனங்களுக்கு அழைப்பிதழ்கள் வந்துகொண்டேயிருக்கும். பிரதம ஆசிரியர் போகமாட்டார்; செய்தி ஆசிரியருக்கு நேரமிருக்காது; கடைசியில் அவை என் மேசைக்கு வந்து சேரும். அப்படி வந்த ஓர் அழைப்பிதழின் பேரில், இறப்பர் மற்றும் டயர் கைத்தொழில் சார்ந்தோரின் சங்கமொன்று கொழும்பு ஹோட்டல் ஒன்றில் அண்மையில் நடத்திய விருந்துக்குச் சென்றிருந்தேன். சங்கத்தின் பெயரை இங்கு எழுதப்போவதில்லை. அவர்கள் என்னை அன்பாக உபசரித்தார்கள். நான் சொல்லப்போவதும் அவர்களுக்கு மட்டும் உரிய குறையல்ல.

விருந்துக்கு முன்னர் மூன்று சிறப்புரைகள். மூன்றுக்கும் ஒரே பொருள்: டயர் மீள்சுழற்சி. பேராதனையில் கலைப்பட்டம் பெற்றவன் நான். இரசாயனவியலோடு எனக்கிருந்த உறவு சாதாரண தரப் பரீட்சையோடு முறிந்துபோனது. ஆனாலும் முதலாவது உரையை நிகழ்த்தியவர் நல்ல ஆசிரியர் என்பதால் எனக்கும் விளங்கிற்று. இறப்பர் பாலில் இருந்து வரும் பச்சை இறப்பர் வெயிலில் இளகும், குளிரில் இறுகும். அதனுடன் கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் உறுதி பெறும் என்பதை 1839ஆம் ஆண்டில் அமெரிக்கரான சார்ள்ஸ் குட்இயர் கண்டறிந்தார். கந்தகம் இறப்பரின் நீண்ட இழைகளை ஒன்றோடொன்று குறுக்கே பிணைத்துவிடுகிறது. அந்தப் பிணைப்பே டயரின் பலம். அதுவே அதன் சாபமும்கூட. பிளாஸ்டிக்கை உருக்கி வேறொன்றாக வார்க்கலாம். டயரை அப்படி உருக்க இயலாது. தயிரான பாலை மீண்டும் பாலாக்க முடியாதது போலத்தான் இதுவும்.

இரண்டாவது உரை, அப்படியானால் பழைய டயரை என்னதான் செய்யலாம் என்பது பற்றியது. தேய்ந்த மேற்பட்டையை நீக்கிப் புதியதை ஒட்டலாம். நமது சாரதிகள் ‘ரீபில்ட்’ என்று சொல்வது இதைத்தான். துகளாக அரைத்து விரிப்புகளுக்கும் வீதித் தாருக்கும் பயன்படுத்தலாம். காற்றில்லாத கலத்தில் சூடாக்கி எண்ணெயும் கரியும் உருக்குக் கம்பியும் பிரித்தெடுக்கலாம். சீமெந்துச் சூளையில் நிலக்கரிக்குப் பதிலாக எரிக்கலாம். 1,400 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட அந்தச் சூட்டில் டயருக்குள் இருக்கும் உருக்குக் கம்பியும் சீமெந்தின் இரும்புச் சத்தாகிவிடுகிறது.

மூன்றாவது உரை வணிகம் பற்றியது. ஐரோப்பியக் கொள்வனவாளர்கள் மீள்சுழற்சி செய்த மூலப்பொருளைக் கேட்கத் தொடங்கிவிட்டார்கள் என்றார் பேச்சாளர். திண்ம டயர் ஏற்றுமதியில் உலகின் முன்னணி நாடுகளில் ஒன்றான இலங்கை இந்தச் சந்தையைத் தவறவிடலாகாது என்றும் எச்சரித்தார். “பழைய டயர் கழிவல்ல, இலவசமாகக் கிடைக்கும் வளம்” என்று அவர் முடித்தபோது மண்டபம் கைதட்டி ஓய்ந்தது.

‘இலவசம்’ என்ற அந்தச் சொல் என்னை உறுத்தியது. கேள்வி நேரத்தில் கையை உயர்த்தினேன். “நீங்கள் சொன்ன இயந்திரங்கள் எல்லாம் தொழிற்சாலை வாசலுக்கு உள்ளே இருக்கின்றன. நாடெங்கும் சிதறிக் கிடக்கும் பழைய டயரை அந்த வாசல் வரை கொண்டுவருவதற்கான கூலியைக் கொடுப்பவர் யார்?” என்று கேட்டேன். பேச்சாளர் தலைவரைப் பார்த்தார். தலைவர் புன்னகைத்தார். “அது உள்ளூராட்சி மன்றங்கள் தீர்மானிக்க வேண்டிய விடயம்” என்று சொல்லி, உணவு தயாராக இருப்பதை அறிவித்தார். அவர் மீது எனக்குக் கோபமில்லை. வேறொரு நாளாக இருந்திருந்தால் நானும் ஒரு படத்தையும் நான்கு வரிச் செய்தியையும் எழுதிக் கொடுத்துவிட்டு மறந்திருப்பேன். அப்படி எழுதிய செய்திகள் எனது கணக்கில் ஏராளம்.

இம்முறை மறக்க முடியாமற் போனதற்குக் காரணம் இருக்கிறது.

2017ஆம் ஆண்டு இந்நாட்டின் டெங்கு வரலாற்றில் மிக மோசமான ஆண்டு. 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றதாகப் பதிவாகியது. 400க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்நாட்களில் எமது பத்திரிகையில் ஒவ்வொரு நாளும் டெங்கு நோயாளர்களின் எண்ணிக்கையை முதற் பக்கத்தில் சிறிய பெட்டி ஒன்றில் போடுவோம். அந்தப் பெட்டியை வடிவமைத்து வந்த இளைஞரின் ஆறு வயது மகள் அந்த யூன் மாதத்தில் டெங்கினால் இறந்தாள். மூன்று நாட்கள் விடுப்பில் இருந்துவிட்டுத் திரும்பி வந்த அவர், எவரோடும் பேசாமல் அன்றைய எண்ணை அந்தப் பெட்டியில் இட்டதை நான் அருகில் நின்று பார்த்தேன்.

மரணத்தின் பின்னர் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் அந்த ஒழுங்கையைச் சல்லடை போட்டுத் தேடினார்கள். பக்கத்து வீட்டுக் கூரையில் பழைய டயர்கள் ஏழு இருந்தன. அவற்றில் மழைநீர், நீருக்குள் நுளம்புக் குடம்பிகள். அந்த வீட்டில் இருந்தவர் கணவனை இழந்த ஒரு பெண். இடியப்பம் அவித்து விற்றுப் பிழைப்பவர். பருவக்காற்றில் தகரம் பறந்துவிடாமல் இருக்கப் பாரத்துக்காக அவற்றை வைத்திருந்தார். நீதிமன்றம் அவருக்குத் தண்டம் விதித்தது. சட்டப்படி அது சரியே. ஆனால் அந்த ஏழு டயர்களையும் தயாரித்தவரோ, இறக்குமதி செய்தவரோ, விற்றவரோ, தேயத் தேய ஓட்டியவரோ எவரும் எந்த நீதிமன்றத்துக்கும் போகவில்லை. டயரின் நீண்ட வாழ்க்கையில் ஆகக் கடைசியாக அதைத் தொட்டவர், அதனால் ஒரு சதமும் இலாபம் காணாதவர், முழுக் கணக்கையும் தீர்த்தார்.

டயரின் வடிவத்தைச் சற்று யோசித்துப் பாருங்கள். நிறுத்தினாலும் கிடத்தினாலும் அதன் உட்குழிவில் நீர் தங்கும். உள்ளே நிழல், வெளியே கறுப்பு. ஈடிஸ் நுளம்புக்கு இதைவிட வசதியான பிரசவ அறை கிடைக்காது. அது நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, டயரின் உட்சுவரில் முட்டையிடுகிறது. நீர் வற்றினாலும் முட்டைகள் பல மாதங்கள் காய்ந்து கிடந்து, அடுத்த மழையில் பொரிக்கும். 1985ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹியூஸ்டன் நகரில் ஆசியாவுக்குரிய ஈடிஸ் நுளம்பு இனம் ஒன்று பெருகியிருப்பது கண்டறியப்பட்டது. ஆசியாவில் இருந்து கப்பலேறிய பழைய டயர்களே அதைக் கொண்டுசென்றன என்பது ஆய்வாளர்களின் முடிவு.

விருந்துக்கு மறுநாட் காலை பஞ்சிகாவத்தைக்குப் போனேன். வாகன உதிரிப்பாகங்களுக்குப் பெயர்போன அந்தப் பகுதியில், ஹட்டன் பக்கத்தில் இருந்து வந்து டயர் கடை நடத்தும் ஒருவரை எனக்குப் பல வருடங்களாகத் தெரியும்.

“தம்பி, கழற்றிப்போடுகிற டயரெல்லாம் எங்கே போகிறது?” என்று கேட்டேன்.

“நல்லதெல்லாம் ரீபில்டுக்குப் போயிரும் சேர். லொறி டயர்னா உடனே தூக்கிடுவாங்க. கார் டயர், த்ரீவீல் டயரத்தான் யாரும் சீண்ட மாட்டாங்க. தோட்டத்துக்குப் பூச்சாடி வெட்டக் கேப்பாங்க, கூரைக்குப் பாரம் வைக்கக் கேப்பாங்க, சும்மா குடுத்துருவேன். மிச்சத்த என்னா செய்யிறது? குப்பை லொறிக்காரன் ஏத்த மாட்டேங்கிறான். கடையில வச்சா பிஎச்ஐ ஐயா வந்து வழக்குப் போடுறாரு.”

“வாங்குகிறோம் என்று தொழிற்சாலைக்காரர் எவரும் வருவதில்லையா?”

“வருவாங்க சேர். மொத்தமா சேத்து, லொறி புடிச்சு, அவங்க எடத்துக்கே கொண்டாந்து குடுன்னுவாங்க. லொறிக் கூலிக்கே கட்டாது.”

இராப்போசன மண்டபத்தில் விடுபட்டுப்போன நான்காவது உரையை அவர் இரண்டு நிமிடத்தில் நிகழ்த்திவிட்டார். டயர் என்பது பெரும்பாலும் வெற்றிடம். ஒரு லொறி நிறைய டயர் ஏற்றினால் அதில் பாதிக்கு மேல் காற்றையே ஏற்றிச் செல்கிறோம். ஆகவே மீள்சுழற்சியில் கடினமான பகுதி இயந்திரத்துக்குள் இல்லை. கடையில் இருந்தும் வீட்டில் இருந்தும் தொழிற்சாலை வரையுள்ள வீதியில் இருக்கிறது. அந்த வீதிக்கு எவரும் பணம் ஒதுக்கவில்லை. ‘இலவசமான வளம்’ என்று சொல்வோர், அந்தக் கூலியை வேறு யாரோ கொடுப்பார்கள் என்றே எதிர்பார்க்கிறார்கள்.

அந்த வேறு யாரோ கொடுக்காவிட்டால் என்ன நடக்கும் என்பதை உலகம் கண்டிருக்கிறது. கனடாவின் ஹேகர்ஸ்வில் என்ற ஊரில் ஒரு கோடிக்கு மேற்பட்ட டயர்கள் குவிந்திருந்த வளவு ஒன்று 1990 பெப்ரவரியில் தீப்பற்றி, இரண்டு வாரங்களுக்கு மேல் எரிந்தது. அமெரிக்காவின் புளோரிடாக் கரையில் 1970களில், மீன்களுக்குச் செயற்கைப் பாறை அமைக்கிறோம் என்று சொல்லி ஏறத்தாழ 20 இலட்சம் டயர்களைக் கடலில் இறக்கினார்கள். கட்டியிருந்த பிணைப்புகள் அறுந்து, டயர்கள் அலையோடு உருண்டு, அருகில் இருந்த உண்மையான பவளப்பாறையை மோதிச் சிதைத்தன. பின்னர் சுழியோடிகளை இறக்கி அவற்றை மீட்கவேண்டியதாயிற்று. பணக்கார நாடுகளே இப்படிப் பாடம் படித்தன என்றால், குப்பைமேடு சரிந்து 2017 ஏப்ரலில் மீதொட்டமுல்லையில் முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறிகொடுத்த நாம் எதை எதிர்பார்த்துக் காத்திருக்கிறோம்?

நமது நாட்டில் பழைய டயருக்கு இன்னொரு வரலாறும் உண்டு. அதைச் சொல்லாமல் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. 1983 யூலையில் கொழும்பு வீதிகளில் டயர்கள் எதற்குப் பயன்பட்டன என்பதைக் கண்ணால் கண்டவர்கள், இன்று டொரன்டோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் இருந்து இதை வாசிக்கக்கூடும். 1989இல் பல்கலைக்கழகம் மூடப்பட்டிருந்த காலத்தில், கண்டியில் இருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்த ஒரு காலைப்பொழுதில், வீதியோரத்தில் டயர்களின் மேல் எரிந்துகொண்டிருந்ததை நானும் கண்டேன். பஸ்ஸில் எவரும் பேசவில்லை. அந்தத் தென்னிலங்கை இளைஞர்களுக்கும் பெயர் இருந்திருக்கும். அதன் பின்னர் ஹர்த்தால்களிலும் வீதி மறியல்களிலும் எத்தனையோ தடவை அதே கரும்புகையின் ஓரத்தில் நின்று குறிப்பெடுத்திருக்கிறேன். கேட்பாரற்றுக் கிடக்கும் பொருள் எவர் கைக்கும் எதற்கும் அகப்படும். டயருக்கு உரிமையாளர் ஒருவர் இருக்கவேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, என்ன செய்யலாம்? குறை சொல்வதோடு நின்றுவிடுவது பத்திரிகையாளருக்கு எளிது. வழி இல்லாமல் இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் முழு டயர்களைக் குப்பைமேட்டில் புதைப்பதை 2003இலும், துண்டாக்கிய டயர்களைப் புதைப்பதை 2006இலும் தடைசெய்தது. அங்கு பல நாடுகளில் தயாரிப்பாளரும் இறக்குமதியாளரும் ஒன்றுகூடி, தாம் விற்ற அளவுக்கேற்ப நிதி வழங்கிப் பழைய டயர்களைச் சேகரிக்கிறார்கள். கலிபோர்னியாவில் புதிய டயர் ஒவ்வொன்றையும் வாங்கும்போது 1.75 டொலர் கட்டணம் அறவிடப்படுகிறது. நமது அயல்நாடான இந்தியா, விற்பவரே பழையதற்கும் பொறுப்பு என்ற கோட்பாட்டை 2022 யூலையில் டயர்களுக்கான விதியாக்கியது. எண்ணெயும் கரியும் எடுப்பதற்காக வெளிநாட்டுக் கழிவு டயர்களை இறக்குமதி செய்வதையும் அந்த விதி தடுத்தது.

இலங்கை ஒரு தீவு. ஒரு வகையில் இது வசதி. டயர் ஒன்று நாட்டுக்குள் வருவதற்கு இருப்பது துறைமுகமும் ஒரு சில தொழிற்சாலைகளும்தான். அந்த வாசல்களிலேயே சிறு கட்டணத்தை அறவிட்டுவிடலாம். புதிய வாகனத்தோடு வரும் டயர்களையும் கணக்கில் எடுக்கவேண்டும். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அந்த வாகனங்களின் டயர்கள் இன்னும் சில ஆண்டுகளில் தேய்ந்து வீதியோரத்துக்கு வரும். கட்டணத்தை இப்போது அறவிடாவிட்டால், அப்போது எவரிடம் போய்க் கேட்பது?

முச்சக்கர வண்டிச் சாரதியின் வயிற்றில் அடிக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதற்கு விடை புதிதல்ல; நம் கடைத்தெருவிலேயே இருந்தது. சோடா வாங்கும்போது வெறும் போத்தலுக்கும் சேர்த்துப் பணம் கட்டிவிட்டு, போத்தலைத் திருப்பிக் கொடுத்ததும் பணத்தைத் திரும்பப் பெற்ற தலைமுறை நாம். அக்காலத்தில் எந்தச் சிறுவனும் சோடாப் போத்தலை வீதியில் எறியவில்லை. பழைய டயரைக் கொண்டுவருபவருக்குக் கட்டணத்தின் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கட்டும். மீதி, அதைச் சேர்த்து வைக்கும் கடைக்காரருக்கும் ஏற்றிச்செல்லும் லொறிக்கும் போகட்டும். அப்படியானால் இடியப்பம் அவிக்கும் அந்தப் பெண்ணின் கூரையில் இருந்த ஏழு டயர்களுக்கும் ஒரு விலை இருந்திருக்கும். அவை அங்கு ஏறாமலே போயிருக்கலாம். ஏறியிருந்தாலும், விலை தெரிந்த எவரேனும் தேடி வந்து இறக்கியிருப்பார்.

இன்னொரு ஆட்சேபமே எனக்கு உண்மையில் பயமூட்டுவது. அறவிடப்படும் பணம் திறைசேரிக்குள் சென்று காணாமற் போய்விடும் என்ற ஆட்சேபம். இந்நாட்டில் அதற்கு முன்னுதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை. எனவே அந்த நிதி தனியாக இருக்கவேண்டும். எத்தனை டயர் வந்தது, எத்தனை சேகரிக்கப்பட்டது, எவருக்கு எவ்வளவு கொடுக்கப்பட்டது என்பது வருடந்தோறும் வெளியிடப்படவேண்டும். அதைப் படித்துக் கேள்வி கேட்பது பத்திரிகைகளின் கடமை. டெங்கு எண்ணிக்கைக்குக் கொடுத்த அந்தச் சிறிய பெட்டியில் ஒரு நாள் இதற்கும் இடம் கொடுக்கலாம்.

சேகரித்த பின்னர் எதைச் செய்வது என்பதிலும் ஒழுங்கு வேண்டும். முதலில் ரீபில்ட். ஏழைகளின் டயர் என்று அதை இளக்காரமாகப் பார்ப்போர், தாம் ஏறிச்செல்லும் விமானங்களின் டயர்களும் பல தடவை மேற்பட்டை மாற்றப்பட்டவை என்பதை அறிவது நன்று. அதற்கு உதவாததைத் துகளாக்கலாம். அதற்கும் உதவாதது சூளைக்குப் போகட்டும். திறந்த வெளியில் எரிவதைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் மீள்சுழற்சி என்று பெயர் சூட்டிவிட்டால் எல்லாம் தூய்மையாகிவிடாது. விளையாட்டு மைதானங்களில் நிரப்பும் இறப்பர் துகள் நுண்பிளாஸ்டிக்காகச் சூழலில் கலக்கிறது என்பதால், 2023இல் ஐரோப்பிய ஒன்றியம் அதைப் படிப்படியாக நிறுத்த முடிவு செய்தது. அங்கு வேண்டாம் என்று ஒதுக்கப்படுவது இங்கு ‘நவீன தொழில்நுட்பம்’ என்ற பெயரில் வந்திறங்காமல் பார்த்துக்கொள்ளவேண்டும்.

1876ஆம் ஆண்டில் பிரேசிலில் இருந்து இலண்டன் கியூ தோட்டத்துக்குச் சென்ற விதைகள் முளைத்து, அதே ஆண்டில் கன்றுகளாக இந்தத் தீவுக்கு வந்தன. கம்பஹா ஹெனரத்கொடைத் தாவரவியற் பூங்காவில் அவை நடப்பட்டன. 1952இல் அரிசிக்குத் தட்டுப்பாடு வந்தபோது, சீனாவுடன் செய்த உடன்படிக்கையின் மூலம் நமக்குச் சோறு போட்டதும் அந்த இறப்பர்தான். இன்று விளைச்சல் சரிந்து, டயர்த் தொழிற்சாலைகளுக்கு வெளிநாட்டு இறப்பரையும் இறக்குமதி செய்கிறோம். அவிசாவளையிலும் கேகாலையிலும் விடியுமுன் எழுந்து மரத்துக்கு மரம் நடந்து பால் வெட்டும் தொழிலாளர்களில் நம்மவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் துளித்துளியாகச் சேர்த்த பொருள், வீதியோரத்தில் நுளம்பு வளர்க்கும் தொட்டியாகக் கிடப்பது அந்த உழைப்புக்குச் செய்யும் மரியாதையல்ல.

விருந்து முடிந்து புறப்படும்போது ஒவ்வொருவருக்கும் ஒரு நினைவுப்பரிசு தந்தார்கள். பழைய டயர்த் துகளில் செய்த, தேநீர்க் கோப்பை வைக்கும் வட்டத் தட்டு. நேர்த்தியான வேலைப்பாடு. இதை எழுதும்போதும் என் கோப்பை அதன் மேல்தான் இருக்கிறது. அந்த வடிவமைப்பாளர் இப்போதும் எங்கள் அலுவலகத்தில்தான் பணிபுரிகிறார். அவர் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, “நல்லா இருக்கு அண்ணை. இது ஒரு டயரிலை எத்தனை செய்யலாம்?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. சங்கத்தாருக்குத் தெரிந்திருக்கும்.

அடுத்த ஆண்டும் என்னை அழைப்பார்களா என்பது சந்தேகமே. அழைத்தால் அதே கேள்வியோடு போவேன்.